வெட்டுப்பட்ட காட்சிகளுக்காகவே வாங்கலாம்

கேள்வி: அமெரிக்க ‘தி ஆபீஸ்’ தொடரின் இரண்டாவது சீசனை இணையத்தில் பார்த்து முடித்துவிட்டேன். அதன் பழைய டிவிடி தொகுப்பு விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள். முதல் சீசனில் ஆறே அத்தியாயங்கள். இதற்கு மூலமான பிரிட்டிஷ் தொடரின் சாயல் அதில் தூக்கலாகவே இருக்கும். 2005-06இல் வந்த இரண்டாவது சீசனில் 22 அத்தியாயங்கள். ஸ்க்ரான்டன் ஊரின் காகிதக் கம்பெனி ஒன்றில் நடக்கும் இந்தத் தொடர், மூலத்தின் சாயலை விட்டுச் சொந்தக் காலில் நின்றது இதில்தான்.

அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது 22 நிமிடம் சொச்சம். நல்ல காட்சிகள்கூட கத்தரிக்குத் தப்பாது. அவற்றை டிவிடியில் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு இவை உபரி அல்ல. ஓரத்து மேசைகளில் உட்கார்ந்திருக்கும் ஸ்டான்லி, கெவின் மாதிரி ஆட்களுக்குக் கூடுதலாக இரண்டு வரி கிடைத்தாலே அந்த ஆபீஸ் நிஜமாகிவிடுகிறது.

அப்புறம், கடைசி அத்தியாயமான ‘கேசினோ நைட்’டை மறுபடி பாருங்கள். எழுதியது மேனேஜர் மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கரேல். கார் நிறுத்துமிடத்தில் ஜிம், கூட வேலை பார்க்கும் பேமிடம் காதலைச் சொல்லும்போது கேமரா கிட்டே போகாது. தள்ளி நின்று ஒட்டுக்கேட்பதுபோல் பார்க்கும். பின்னணி இசையும் கிடையாது, சிரிப்பொலியும் கிடையாது. நடிகர்களின் முகமும் தயக்கமும் மட்டும்தான். டிவி நகைச்சுவையில் இதற்கு இணையாக நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அமெரிக்கப் பதிப்பு ரீஜன் 1, அதாவது அந்த வட்டாரத்து பிளேயர்களுக்கென்று பூட்டப்பட்ட டிவிடி. உங்கள் பிளேயர் அதை ஏற்குமா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.