பிரேக் பிடிக்கவில்லை என்கிறாரா?

சிக்னலில் நின்ற உங்கள் காரைப் பின்னாலிருந்து இடித்தவர் குனிந்து போனைப் பார்த்ததைக் கண்ணாடியில் பார்த்தீர்கள். அவரோ பிரேக் பிடிக்கவில்லை என்கிறார். சரி, இன்றே பக்கத்துக் கடைகளில் சிசிடிவி கேளுங்கள். பழைய பதிவு சில நாளில் அழிந்துவிடும்.

அவர் போன் பதிவை போன் நிறுவனம் உங்களுக்கு நேரடியாகத் தராது, போலீஸ் அல்லது நீதிமன்றம் வழியாகத்தான் வாங்க வேண்டும். அதிலும் அழைப்பு, எஸ்எம்எஸ் நேரம் தெரியும். வீடியோ பார்த்தாரா என்பது தெரியாது. எனக்கு அதைவிட அவர் காரின் ஏர்பேக் கருவி மேல்தான் நம்பிக்கை. பல கார்களில் அது மோதலுக்கு முந்தைய சுமார் 5 விநாடி வேகத்தையும், பிரேக்கை மிதித்தாரா என்பதையும் பதிந்து வைத்திருக்கும். மிதிக்கவே இல்லையென்றால் அவர் கதை அங்கேயே உடையும். கார் பழுதுபார்க்கப் போகுமுன் அந்தப் பதிவை அழிக்கக் கூடாதென்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.