கிருமி உட்காருகிறதா, தொங்குகிறதா?

கே: வயிற்றுப்போக்கு கண்டால் குடலே அலசிக்கொண்டு போகிறது. இவ்வளவு வெள்ளத்திலும் அந்தக் கிருமி மட்டும் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது?
— பெயர் வெளியிட வேண்டாம், செம்பூர், மும்பை

ப: சீட்டுப் பணத்தில் ஏமாந்தவர்கூட இந்தப் பகுதிக்கு முழு முகவரியோடு எழுதுகிறார். வயிறு என்றால் மட்டும் எல்லோருக்கும் கூச்சம். போகட்டும், செம்பூரில் தமிழர்களுக்கா பஞ்சம்? உங்களை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

'உட்கார்ந்திருக்கிறது' என்கிறீர்களே, எனக்கு ஆட்சேபம் அங்கேதான். மாலை ஆறு மணிக்குத் தாதரில் கல்யாண் ஃபாஸ்ட் மின்ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? அங்கே உட்காருவது என்ற பேச்சே கிடையாது. ஒரு கால் வாசலில், ஒரு கை நடுக்கம்பியில், மிச்ச உடம்பு ஆண்டவன் பொறுப்பில். (நீங்கள் ஹார்பர் லைன்காரர். அந்த வண்டி வரும்வரையும் தூங்கலாம், வந்த பிறகும் தூங்கலாம். இப்படி எழுதியதற்காக என்னோடு சண்டைக்கு வந்த வடாலா வாசகர்கள் ஓய்ந்துவிட்டார்கள், நான் ஓயவில்லை.) அந்தக் கம்பிக்காரரைக் கொஞ்சம் கவனியுங்கள். வண்டி நிற்கும்போது பிடியைத் தளர்த்திக் கைபேசியைத் தடவுவார். வேகமெடுத்ததும் விரல் கணு வெளுக்கும் அளவுக்கு இறுக்குவார். உங்கள் கிருமி செய்வதும் அதுவே.

ஈ.கோலை என்ற பாக்டீரியாவை 1885இல் தியோடர் எஷரிக் குழந்தைகளின் மலத்தில் கண்டு எழுதினார். அதில் பெரும்பாலானவை சாது. நம் எல்லோர் குடலிலும் குடியிருப்பவை. சில வகைகள் மட்டும் போக்கிரிகள். வெளியூர் போனவர்களின் வயிற்றைக் கெடுக்கும் வகைக்கு உடம்பெல்லாம் இழைகள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியது. இழுத்தால் சுருள் பிரிந்து பல மடங்கு நீளும். விட்டால் மறுபடி சுருளும். நுனியில் இருக்கும் புரதம் குடல் செல்லின் மேலுள்ள சர்க்கரைத் துணுக்கைப் பற்றிக்கொள்ளும். ஈ.கோலையின் ஒரு வகை இழையை ஆராய்ந்த வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2002இல் ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள்: நீரோட்டம் மெதுவாக இருந்தால் பிடி லேசாக இருக்கிறது, வேகம் கூடினால் இறுகுகிறது. இழுவிசையில் நுனிப் புரதத்தின் வடிவம் மாறி, சர்க்கரையைப் பிடித்திருக்கும் குழி மூடிக்கொள்கிறதாம். வயிற்றுப்போக்கு வகையின் இழையிலும் இதே குணம் பிறகு தெரியவந்தது.

உட்காருகிற ஆசாமியும் ஒருவன் உண்டு. சின்னக் குழந்தைகளைப் படுத்தும் இன்னொரு ஈ.கோலை வகை அது. பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று அது தேடுவதில்லை. கம்பியைக் கையோடு கொண்டுவருகிறது! ஊசி போன்ற ஒரு குழாயால் 'டிர்' என்ற தன் புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அது செல்லின் சவ்வில் போய்ப் பதிந்து வெளியே தலை நீட்டும். கிருமியின் மேலிருக்கும் 'இன்டிமின்' என்ற இன்னொரு புரதம் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். கனடாவில் வான்கூவரில் பிரெட் ஃபின்லே குழுவினர் 1997இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அதோடு முடிந்ததா? ஏமாந்த செல் தன்னிடமுள்ள ஆக்டின் என்ற புரத இழைகளைத் திரட்டி, கிருமிக்கு அடியில் ஒரு மேடையே எழுப்பித் தருகிறது. சத்தை உறிஞ்சுவதற்காகச் செல்லின் மேல் விரல்போல நீண்டிருக்கும் நுண்ணிய நீட்சிகள் அந்த இடத்தில் அழிந்துபோகின்றன. ஜன்னலோர இருக்கை, அதுவும் நம் செலவில்.

ஆனால் ஒட்டுவதால் மட்டும் எல்லாக் கிருமியும் பேதியை உண்டாக்கிவிடுவதில்லை. பயணிகளைத் தாக்கும் வகையும் காலராவும் நஞ்சைக் கக்குகின்றன. இங்கே கல்கத்தா ஆராய்ச்சியாளர் சம்புநாத் டே பெயரைச் சொல்லாமல் நகர மாட்டேன். 'உங்களுக்கு வங்காளப் பித்து' என்று மாட்டுங்கா வாசகர் மறுபடி கடிதம் போடுவார், போடட்டும். காலராவுக்குக் காரணம் ஒரு நஞ்சாக இருக்கலாம் என்று ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1884இல் ஊகித்தார். ஊகம், அவ்வளவுதான். 1959இல் கல்கத்தாவில் டே கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் முயலின் குடலில் செலுத்தி, குடல் நீர்கோத்து உப்புவதைக் காட்டினார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் இவரை நோபலுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். 1978இல் காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். பரிசு? கொடுக்கவில்லை. 1985இல் அவர் காலமானார். கிரிக்கெட் அணித் தேர்வுக்கு எனக்கு வாரந்தோறும் கடிதம் எழுதுகிறவர்களில் ஒருவராவது இதற்காக ஒரு கார்டு போட்டதுண்டா?

நஞ்சு இருந்தும் பிடிமானம் இல்லாவிட்டால் கிருமிக்குப் பிழைப்பில்லை என்பதும் உண்மை. காலராக் கிருமியின் இழையை நீக்கிவிட்டுத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 1980களின் கடைசியில். குடலில் அது தங்கவில்லை, பேதியும் வரவில்லை. அதை விழுங்கச் சம்மதித்த மகானுபாவர்களுக்கு என் கும்பிடு.

ஆகவே, 'எல்லாம் போய்த் தீரட்டும், சுத்தமாகிவிடும்' என்று சொல்லிக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். வெள்ளத்தால் ஆகாததைக் குடல் வேறு வழியில் சாதிக்கிறது: தன் உள்பக்கத்து மேல்தோலையே மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. மருந்துக் கடையில் விற்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் வாசலை அந்த நஞ்சு அடைப்பதில்லை. ரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ டாக்டரிடம் ஓடுங்கள். மருந்துக் கடைக்காரரிடம் 'ரெண்டு மாத்திரை கொடுங்கள்' என்று ஆன்டிபயாடிக் வாங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிருமி உள்ளே வருவதற்கு முன்பே தடுப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் சொசைட்டியின் மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுவது பற்றிப் பொதுக்குழுவில் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கடைசி அஜெண்டாவாகப் போட்டார்கள். கார் ஸ்டிக்கர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் விவாதம். தொட்டியின் முறை வந்தபோது சமோசா வந்துவிட்டது. சட்னியை எந்தத் தண்ணீரில் அரைத்தீர்கள் என்று செயலாளரைக் கேட்டேன். அதற்குப் பிறகு எனக்குக் கூட்ட அறிவிப்பே வருவதில்லை.