எடை சரி, உயரம் மட்டும் குறைவா? பால்வாடி டீச்சரம்மா பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. போன வாரம் பால்வாடியில் எடை 8 கிலோ 300 கிராம், உயரம் 74 சென்டிமீட்டர். கையில் பட்டை சுற்றிப் பார்த்துப் பச்சை, அதாவது மெலிவில்லை என்றார்கள், எடையும் பரவாயில்லையாம். ஆனால் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். மாமியார், "எங்க வம்சமே குள்ளம்தான், விடு" என்கிறார். குழந்தை நன்றாக ஓடியாடுகிறாள். நான் யாரை நம்புவது?
ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: தங்கச்சி, பட்டை, தராசு, உயரப் பலகை மூன்றுமே சரியாகச் சொல்லியிருக்கலாம். கைப்பட்டையும் உயரத்துக்கேற்ற எடையும் குழந்தை இப்போது மெலிந்திருக்கிறாளா என்று காட்டும். நாலு நாள் பேதி வந்தாலும் எடையில் தெரிந்துவிடும். உயரம் அப்படியில்லை, அது குறையாது, ஏறாமல் நின்றுபோகும். அதனால் வயதுக்கேற்ற உயரத்தில் உங்கள் வயிற்றில் இருந்த நாளிலிருந்து இன்றுவரை அவளுக்குக் கிடைத்த சத்து, வந்துபோன நோய் எல்லாம் சேர்ந்து தெரியும். எடையை மட்டும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கா" என்று அனுப்பிவிட்டால் இப்படிப்பட்ட பிள்ளைகள் யார் கண்ணிலும் படாமல் போய்விடுவார்கள், அதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

உலக சுகாதார நிறுவன அட்டவணையில் 18 மாதப் பெண் குழந்தைக்கு நடு அளவு 80.7 செ.மீ., 10 கிலோ 200 கிராம். கீழ்க்கோடு, அதாவது இதற்குக் கீழே போனால் குறைவு என்று எழுதும் அளவு, 74.9 செ.மீ., 8 கிலோ 100 கிராம். உங்கள் மகள் எடையில் கோட்டுக்கு மேலே 200 கிராம், உயரத்தில் கோட்டுக்குக் கீழே 9 மில்லிமீட்டர்.

சரி, அந்த 9 மில்லிமீட்டரை நம்பலாமா? முதலில் அதைப் பார்ப்போம். படுக்க வைத்து அளந்தார்களா, நிற்க வைத்தா? இரண்டு வயதுவரை படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும், நிற்க வைத்தால் கிட்டத்தட்ட 0.7 செ.மீ. குறைத்துக் காட்டும். படுக்க வைத்தாலும் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். குழந்தை வீறிட்டு அழும், முழங்காலை மடக்கும், உச்சியில் போட்ட குடுமி பலகையில் இடிக்கும், நானும் ஆயாவும் மூன்று முறை அளந்து மூன்று அளவு வந்த நாட்களும் உண்டு. குடுமியை அவிழ்த்து, முழங்காலை மெதுவாக அழுத்தி, பாதம் பலகையில் நேராகப் பதிந்த பிறகு வருவதுதான் அளவு. அப்புறம் வயது. 17 மாதம் என்றால் கீழ்க்கோடு 74.0தான், அதாவது ஒரு மாதம் தப்பாக எழுதினாலே முடிவு மாறிவிடும். பிறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள். குறைமாதத்தில் பிறந்தவள் என்றால் அதையும் சொல்லுங்கள், இரண்டு வயதுவரை அந்த மாதங்களைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

மறுபடி அளந்தும் குறைவாகவே வந்தால், மாமியாரிடம் மரியாதையாக இதைச் சொல்லுங்கள். அந்த அட்டவணை வெள்ளைக்காரப் பிள்ளைகளை மட்டும் வைத்துப் போட்டதில்லை. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அப்புறம் நம் தெற்கு டெல்லி, ஆறு இடத்தில் 8,440 குழந்தைகளை அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் நோய்க்குச் சிகிச்சையும் கிடைத்த குழந்தைகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். அப்பா அம்மா குள்ளம் என்றால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நாலில் ஒரு பிள்ளை இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. நாலில் ஒரு பிள்ளைக்கு வம்சத்தைக் காரணம் சொல்ல முடியுமா?

இரண்டு வயதுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, உயரத்தை ஈடுகட்ட இதுதான் நல்ல நேரம். வெறும் கஞ்சியால் வயிற்றை நிரப்பாதீர்கள். தினம் ஒரு முட்டை, பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் எண்ணெய், பால்வாடி சத்துமாவு, காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும்போது முள் எடுத்து மசித்த மீன். தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுங்கள், அடிக்கடி வரும் பேதியும் வளர்ச்சியைத் தின்றுவிடும்.

கேள்வி: பேரனுக்கு இரண்டு வயது. சாப்பாடே இறங்கவில்லை, எப்போதும் சிணுங்கல். ஆனால் ஒரே மாதத்தில் அரை கிலோ ஏறியிருக்கிறான், முகமும் உப்பலாக இருக்கிறது. சதை பிடிக்கிறது என்று நினைக்கலாமா?
ஒரு பாட்டி, காசிமேடு

பதில்: அம்மா, இதைப் படித்தவுடன் அவன் இரண்டு பாதத்தின் மேலேயும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டு காலிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சத்துக்குறைவு முற்றினாலும் நீர் கோக்கும், சிறுநீரகக் கோளாறிலும் கோக்கும், எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். குழி விழாவிட்டாலும் சாப்பிடாத குழந்தைக்கு முகம் உப்பினால் காட்டிவிடுவதுதான் நல்லது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பையனுக்கு 400 கிராம் ஏறியதைப் பார்த்து சந்தோஷமாக அட்டையில் புள்ளி வைத்தேன். மறுநாள் அவன் பாட்டி அவனுடைய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "வார் போட முடியல டீச்சர்" என்றார். அழுத்திப் பார்த்தால் குழி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு காலைத் தொட்டுப் பார்க்காமல் எந்தக் குழந்தைக்கும் நான் எடை எழுதியதில்லை.

கேள்வி: குழந்தைக்குப் பேதி வந்து மூன்று நாள் ஆகிறது. இந்த வாரம் எடை பார்க்கப் போகலாமா?
ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: எடை அப்புறம் பார்க்கலாம், இப்போது உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும், கணக்கு தப்பாகத்தான் வரும். முதலில் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், டாக்டர் எழுதிய துத்தநாக மாத்திரையை பேதி நின்றாலும் 14 நாளும் கொடுங்கள். கண் குழிந்தாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நன்றாகத் தேறிய பிறகு எடை பார்க்கப் போங்கள். கொலுசு, அரைஞாண், ஈர டயப்பர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, போன முறை பார்த்த அதே தராசில் நிறுக்கச் சொல்லுங்கள்.