நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முன் என் மாமனார் கோலார் பக்கம் ஒருவரிடம் காசு கொடுத்து ஒரு நட்சத்திர ஆமை வாங்கி வந்தார், ராசி என்று. கீழ்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, “போலீசுக்குத் தெரிந்தால் ஜெயில்தான்” என்கிறார். என் மகனோ, உலக சிவப்புப் பட்டியலில் அது வெறும் ‘அழிவாய்ப்பு இனம்’தான், பயப்பட வேண்டாம் என்கிறான். பேசாமல் ஏரியில் விட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள், அம்மா. இது தரையில் வாழும் ஆமை. புல்லும் இலையும் தின்று, வறண்ட புதர்க்காட்டில் திரிவது. ஆழத் தண்ணீரில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும்.

மகன் சொன்ன தகவல் சரி, ஆனால் கோர்ட்டில் உதவாது. சிவப்புப் பட்டியல் ஓர் இனம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று அறிவியலாளர்கள் போடும் கணக்கு. தண்டனையைத் தீர்மானிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள், அதாவது எந்த விலங்குக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று பிரித்த பட்டியல்கள். பச்சைக்கிளியையே பாருங்கள்: சிவப்புப் பட்டியலில் அதற்குக் கவலையே இல்லை, ஆனாலும் இரண்டாம் அட்டவணையில் இருப்பதால் கூண்டில் வைத்தால் குற்றம். நட்சத்திர ஆமை முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தபோது, புலி, யானையோடு மிகக் கடுமையான முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. தண்டனை குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 7 வருடம் சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அபராதம் மட்டும் கட்டி சமரசமாக முடித்துக்கொள்ளவும் வழியில்லை. “வாங்கும்போது பழைய அட்டவணைதானே” என்று வாதிடலாம்தான். ஆனால் ஆமை இன்றும் உங்கள் வீட்டில் இருக்கிறதே என்பார்கள்.

காசு கொடுத்து வாங்கியதால் அது உங்களுடையதாகிவிடாது. 39ஆம் பிரிவின்படி காட்டு விலங்கு அரசின் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். அந்தக் கெடு எப்போதோ போய்விட்டது. தானாக ஒப்படைத்தால் வழக்கே வராது என்று சட்டம் எங்கும் உறுதி சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதும், சோதனையில் பிடிபடுவதும் ஒன்றல்ல. ஜாமீனிலிருந்து தீர்ப்புவரை அந்த வித்தியாசம் பேசும்.

மாமனார் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள்: எப்போது, எங்கே வாங்கினார், இதுவரை எப்படி வளர்த்தீர்கள், இப்போது ஏன் ஒப்படைக்கிறீர்கள். “நேற்று ரோட்டில் கிடைத்தது” என்று யாராவது எழுதித் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கீழ்வீட்டுக்காரரே பார்த்திருக்கிறார், பொய் நிற்காது. ஓட்டின் மேல்பக்கத்தைத் தெளிவாகப் படம் எடுத்து இணையுங்கள். அந்த மஞ்சள் கோடுகள் ஆமைக்கு ஆமை மாறும், எனவே எதை ஒப்படைத்தீர்கள் என்பதில் பின்னால் குழப்பம் வராது. உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டிவிட்டு, மல்லேஸ்வரத்தில் உள்ள வனத்துறைத் தலைமை அலுவலகமான அரண்ய பவனில் விசாரித்து, அவர்கள் சொல்லும் வன அதிகாரியிடம் ஆமையோடு கொடுங்கள். இன்னொரு பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்காமல் வராதீர்கள்.

அதுவரை யாருக்கும் விற்கவோ, சும்மா கொடுக்கவோ, ஊருக்கு ரயிலில் அனுப்பவோ வேண்டாம். ஒவ்வொன்றும் தனிக் குற்றமாகச் சேரும். விற்றவரைப் பற்றி அதிகாரிகள் கேட்டால், மாமனார் தெரிந்ததை மறைக்காமல் சொல்லட்டும். அப்படி விற்பவர்களிடம் வாங்க ஆள் இருக்கிறது என்பதால்தான் காட்டில் இன்னும் ஆமை பிடிக்கிறார்கள்.