ரத்தம் வேண்டாம் என்கிறார் கணவர், கையெழுத்து கேட்கிறது மருத்துவமனை

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறது. அவருடைய அக்கா கிட்னி தர முன்வந்திருக்கிறார், பரிசோதனைகளும் பொருந்தியிருக்கின்றன. கணவர் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர். என்ன ஆனாலும் ரத்தம் ஏற்றக்கூடாது என்கிறார். நானும் நாத்தனாரும் அந்தச் சபையில் இல்லை. ரத்தம் ஏற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போடாவிட்டால் ஆபரேஷன் கிடையாது என்று தனியார் மருத்துவமனை சொல்லிவிட்டது. "அவர் மயக்கத்தில் இருக்கும்போது நீங்கள் போட்டுவிடுங்கள்" என்று அங்கே ஒருவர் என்னிடம் சொன்னார். போடலாமா? மருத்துவமனை மேல் வழக்குப் போடலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. அவரை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் அந்தக் கையெழுத்து சட்டப்படி நிற்காது.

சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தந்த தீர்ப்பு கிட்டத்தட்ட இதைப் பற்றியதுதான். பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வயதுவந்த, தெளிவான மனநிலையில் உள்ள ஒருவர் சற்று நேரம் மயக்கத்தில் இருப்பதால் மட்டும் அவருக்காக இன்னொருவர் சம்மதம் தர முடியாது, பெற்ற தாயாக இருந்தாலும் முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. உயிர் காக்கும் அவசரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 30-ம் அவசரத்தில் நல்லெண்ணத்தோடு செயல்படும் மருத்துவரைப் பாதுகாக்கிறது. ஆனால் அது சம்மதம் கேட்கவே வழியில்லாத நிலைக்கானது. உங்கள் கணவரோ மாதக்கணக்காகத் தெளிவாக மறுத்துவருகிறார். கனடாவில் விபத்தில் மயங்கிக் கிடந்த இதே சபைப் பெண்ணின் பையில் 'ரத்தம் வேண்டாம்' என்ற அட்டை இருந்தது. அதைப் பார்த்த பிறகும் ரத்தம் ஏற்றிய மருத்துவர் 20,000 டாலர் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. 1990-ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2018-ல் காமன் காஸ் வழக்கில், முடிவெடுக்கும் திறனுள்ள வயதுவந்தவர் சிகிச்சையை மறுக்கலாம், அது உயிர் காக்கும் சிகிச்சையாக இருந்தாலும் மறுக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது.

சரி, வழக்குப் போடலாமா? நான் போடச் சொல்ல மாட்டேன். ரத்தத்தை மறுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் தன்னால் பத்திரமாகச் செய்ய முடியாது என்று நினைக்கும் ஒரு சர்ஜனைக் கத்தியை எடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் உரிமை அதற்குள் வராது. மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நன்னடத்தை விதிகளும், அவசர நிலை தவிர, யாருக்குச் சிகிச்சை செய்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கே விடுகின்றன. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பெண் ஒருவருக்கு ரத்தமில்லாமல் கல்லீரல் மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்து மாநிலத்தில் அதைச் செய்யும் மருத்துவமனை இருந்தும், செலவை ஏற்க அரசுக் காப்பீடு மறுத்தது. வழக்குப் போட்டார், 2011-ல் ஜெயித்தார். அதற்குள் உடல்நிலை மோசமாகி, ஆபரேஷன் தாங்காது என்ற கட்டத்துக்குப் போய்விட்டார். மறு ஆண்டு இறந்துபோனார். உங்கள் கணவருக்கும் நாள்தான் முக்கியம். அதைக் கோர்ட் வராந்தாவில் செலவழிக்காதீர்கள்.

அந்த நாட்களில் செய்ய வேண்டியது வேறொரு குழுவைத் தேடுவது. அதே 2002 விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தந்தாக வேண்டும். எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு ஒப்புகை வாங்குங்கள். ஆபரேஷன் மறுப்புக்கான காரணத்தையும் எழுத்திலேயே கேளுங்கள். ஒன்று முக்கியம்: ஏற்றுக்கொண்ட நோயாளியைப் போதிய முன்னறிவிப்பு இல்லாமல் கைவிட மருத்துவருக்கு அனுமதி இல்லை. படிவத்தைக் காட்டி டயாலிசிஸை நிறுத்துவோம் என்று யாராவது மிரட்டினால் உடனே தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் புகார் கொடுங்கள். அந்தச் சண்டை போடத் தகுந்தது.

நம்பிக்கையோடு தேடலாம். கல்லீரலோடு ஒப்பிட்டால் கிட்னி ஆபரேஷனில் ரத்த இழப்பு பொதுவாகக் குறைவு. பிறர் ரத்தம் ஏறினால் உடலில் எதிர்ப்பான்கள் உருவாகி, பொருத்தமான கிட்னி கிடைப்பதே கடினமாகும். அதனால் யாராக இருந்தாலும், மாற்று சிகிச்சைக்கு முன் ரத்தம் ஏற்றுவதை மருத்துவர்கள் முடிந்தவரை தவிர்க்கவே பார்க்கிறார்கள். எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் போட்டு ஹீமோகுளோபினை முன்கூட்டியே உயர்த்துவது பழக்கமான முறைதான். டெக்சாஸில் இதய அறுவை நிபுணர் டென்டன் கூலியின் குழு இந்தச் சபையினருக்கு ரத்தமில்லாமல் செய்த 542 இதய, ரத்தக்குழாய் ஆபரேஷன்களின் விவரத்தை 1977-லேயே வெளியிட்டது. புதிய குழுவிடம் "ரத்தமில்லாமல் செய்வீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். "ஹீமோகுளோபின் எவ்வளவு வந்தால் செய்வீர்கள், அதுவரை என்ன சிகிச்சை?" என்று கேளுங்கள்.

அப்புறம் காகிதம். சபை அட்டை ஒன்றே போதும் என்று இருந்துவிடாதீர்கள். எது வேண்டாம், எது சரி என்பதை அவர் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா நான்கையும் அந்தச் சபையினர் ஏற்பதில்லை. ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின் என்ற புரதம், ரத்தம் உறையவைக்கும் காரணிகள், ஆபரேஷனின்போது வெளியேறும் சொந்த ரத்தத்தைச் சுத்தப்படுத்தித் திரும்பச் செலுத்தும் கருவி போன்றவை அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டவை. இவை சரி என்றால் சர்ஜனுக்குப் பெரிய பிடிமானம் கிடைக்கும். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்குங்கள். தன்னால் முடிவு சொல்ல முடியாத நிலை வந்தால் என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதிவைக்கும் 'முன்கூட்டிய மருத்துவ உத்தரவு'க்கு உச்ச நீதிமன்றம் 2023-ல் எளிதாக்கித் தந்த முறை இது. அந்த உத்தரவு குணமாக வாய்ப்பில்லாத நோயாளிகளை மனதில் வைத்து உருவானது. அதனால் அதோடு நிறுத்தாமல், இந்த ஆபரேஷனுக்கென்றே தனி ஒப்புதல் படிவமும் கட்டாயம் வேண்டும். "ரத்தம் ஏற்றாததால் வரும் விளைவுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல" என்ற வரி நியாயமானது, கையெழுத்துப் போடலாம். "எதற்குமே பொறுப்பல்ல" என்று இருந்தால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டாலும் கவனக்குறைவுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வழி இருக்கவே செய்யும்.

அவர் சார்பில் பேச ஒருவர் பெயரையும் அந்தக் காகிதத்தில் எழுத வேண்டும். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அந்த நேரத்தில் 'ஏற்ற வேண்டாம்' என்று சொல்ல உங்கள் மனம் ஒப்பாது என்றால், வேறொருவரைப் போடச் சொல்லி இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதில் குற்றம் எதுவும் இல்லை.

நீங்களும் வேண்டாம், சபை மூப்பர்களும் வேண்டாம். மருத்துவர் ஒருமுறை அவரிடம் தனியாகப் பேசட்டும். அது அவருடைய சொந்த முடிவுதான் என்பதைப் பதிவுசெய்ய இதைவிட நல்ல வழி இல்லை.

உங்கள் நாத்தனாரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவருக்கு நடப்பது தனி ஆபரேஷன். தம்பியின் மறுப்பு அக்காவைக் கட்டுப்படுத்தாது. அவருக்குத் தேவைப்பட்டால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்பதை அவருடைய படிவத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உறுப்பு மாற்றுச் சட்டம் 1994, பிரிவு 12-ன்படி, ஆபத்துகளைத் தருபவருக்கும் பெறுபவருக்கும் விளக்கிச் சொன்ன பிறகே மருத்துவர் கத்தி வைக்க முடியும். தம்பிக்கு ரத்தம் ஏற்றப்படாது, தான் தந்த கிட்னி அதனால் பலனில்லாமல் போகவும் கூடும் என்பதை அவர் தெரிந்துகொண்டுதான் சம்மதிக்கிறாரா? இல்லையென்றால் இன்றைக்கே நீங்கள் உட்கார்ந்து அவரிடம் சொல்லுங்கள். கேட்ட பிறகு அவர் பின்வாங்கினால், அது முழுக்க அவர் உரிமை. யாரும் அவரை வற்புறுத்த விடாதீர்கள்.