முலாம் பூசிய தாலரா, பேராயரின் தங்கமா?

கேள்வி: ஆஸ்திரியாவில் வேலை பார்க்கிறேன். இங்கே ஓர் ஏலப் பட்டியலில் சால்ஸ்பர்க் பேராயர் 1628இல் வெளியிட்ட 10 டுகாட் (அக்கால ஐரோப்பியத் தங்கக் காசு) மதிப்புள்ள தங்க நாணயம் வந்திருக்கிறது. அதே படம் உள்ள தாலர் என்ற பெரிய வெள்ளி நாணயத்தையும் பார்த்திருக்கிறேன். முலாம் பூசி ஏமாற்றுகிறார்களோ? ‘விளிம்பில் வளையத் தடம்’ என்ற குறிப்பும் உறுத்துகிறது. வாங்கலாமா?

பதில்: படம் ஒன்றாக இருப்பதால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம். சால்ஸ்பர்க் அன்று பேராயரே ஆண்ட தனி நாடு. 1628 செப்டம்பரில் அங்கே பேராலயம் புனிதப்படுத்தப்பட்டு வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டபோது பேராயர் பாரிஸ் லோட்ரோன் வெளியிட்ட நாணயம் இது. எட்டு ஆயர்கள் புனிதரின் எச்சங்கள் வைத்த பேழையைச் சுமந்து வரும் காட்சி அதில் இருக்கும். தாலர் அச்சிலேயே தங்கத்தையும் அடிப்பது அக்கால வழக்கம். பரிசளிக்கத்தான், கடைத்தெருவில் புழங்க அல்ல.

முலாமைப் பிடிக்கத் தராசே போதும். ஒரு டுகாட் சுமார் 3.49 கிராம், 986 தரம். பத்து டுகாட் என்றால் 35 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெள்ளித் தாலர் 28, 29 கிராம்தான் வரும். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் தங்கத்தின் எடை 1.8 கிராம் அளவே குறையும். வெள்ளியில் குறைவது 2.7 கிராமுக்கு மேல். தங்கம் கனமானது என்பதால், அகலம் ஒன்றாக இருந்தாலும் தங்க நாணயம் மெலிந்தே இருக்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் உரைகல்லில் மட்டும் உரசிவிடாதீர்கள். ஒரே உரசலில் பாதி விலை போய்விடும்.

வளையத் தடம் மோசடி அல்ல. இத்தகைய காசுகளின் விளிம்பில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் தொங்கவிட்டவர்கள் உண்டு; அதை எடுத்த பின் நிற்கும் தடம்தான் அது. நாம் சங்கிலியில் கோப்பதை ‘டாலர்’ என்கிறோமே, அந்தச் சொல்லின் மூலமே தாலர்தான்! ஆனால் விலையில் அந்தத் தடம் கடுமையாக எதிரொலிக்க வேண்டும். பற்றவைத்த இடத்தை அராவி, காசு முழுவதையும் மெருகேற்றியிருந்தால் நான் தொடமாட்டேன். தடம் மறைக்கப்படாமல், எழுத்துகள் கூர்மையாக இருந்தால் யோசிக்கலாம்.

ஏலத்துக்கு முன்பே விளிம்பின் படத்தையும் துல்லியமான எடையையும் எழுத்தில் கேளுங்கள். போலி என்று பின்னால் தெரிந்தால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஏலத்தொகைக்கு மேல் நிறுவனத்தின் கட்டணம் 20 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. அதைக் கழித்துவிட்டு உங்கள் உச்சவரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.