நடுவர் பல் பார்க்கும்போது உறுமும் இராஜபாளையம் நாய்

திருமங்கலத்து நண்பருக்கு வணக்கம். மதுரைக் கண்காட்சியில் நடுவர் பல் பார்க்கக் குனிந்ததும் உங்கள் இரண்டு வயது இராஜபாளையம் நாய் உறுமிக் கடிக்கப் பாய்ந்ததால் களத்திலிருந்து வெளியேற்றப்பட்டது என்றும், அவருக்கு நாட்டு நாய்களைப் பற்றித் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவு சரியென்றே கருதுகிறேன். அயலாரிடம் ஒட்டாமல் விலகி நிற்பது இந்த இனத்தின் இயல்பு, அதை நல்ல நடுவர் குறையாக எண்ணமாட்டார். கடிக்க வருவது வேறு. மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசையின் மேல் கத்தரிக்கோல் போலப் படிகின்றனவா என்பதை உதட்டைத் தூக்காமல் எப்படிப் பார்ப்பது?

தினமும் மாலையில், நாய்க்கு ஓரளவு பழகிய அண்டை வீட்டார் ஒருவர் பக்கவாட்டில் நின்று, முதலில் தாடையைத் தடவி, சில நாள் கழித்துக் கட்டைவிரலால் உதட்டை இரண்டே நொடி உயர்த்திவிட்டு, உடனே வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைக் கொடுக்கட்டும். உறுமினால் முந்தைய படிக்கே திரும்புங்கள், அதட்ட வேண்டாம்.

அதற்கும் முன்பாக, இதை அவசியம் செய்யுங்கள். வெள்ளை நிற இராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அரிதன்று. காது கேளாத நாய் திடீரென நீளும் கைக்கு மிரளும். அது பார்க்காதபோது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கி, காது மடல் திரும்புகிறதா என்று கவனியுங்கள். திரும்பாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிடு உறுதியானால், தயவுசெய்து அதை இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள்.